ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

அன்று அமைச்சர் ஃபோனை எடுத்து, "கொஞ்சம் பொறு, வந்துட்டேன்" என்று சொல்லியிருந்தால் நான் பொறுத்திருப்பேனா?

இதற்கு இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது, பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது, மேடம் மேடையில் பேசிக்கொண்டிருக்க நான் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நிற்கும்போது, இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஒரு நாள், பொறுத்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. மறுநாள், பொறுத்துத்தான் இருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா என்று எனக்குள்ளேயே ஒரு குரல் சொல்கிறது.

நான் மேடத்தின், அதாவது சுகாதாரத் துறை அமைச்சரின், மதுரை முகாம் அலுவலகத்தில் நேர்முக உதவியாளர். அடுத்த மாதம் இந்த நாற்காலியிலிருந்து எழுந்து, சாயங்காலமானால் வீட்டுக்குப் போக முடிகிற வேறொரு பிரிவுக்கு மாறுகிறேன். என் இடத்துக்கு வரப்போகும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடு என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதுபோல் எழுத எனக்கு வயதும் இல்லை, அந்த நிச்சயமும் இல்லை. பயணத் திட்டம் போடுவது, மனுக்களைப் பிரிப்பது எல்லாம் கொஞ்ச நாளில் உங்களுக்கே பிடிபட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடாததைத்தான் எழுதப்போகிறேன். மன்னிக்கவும்.

முதலில் கத்தரிக்கோல் விஷயம். நான் சேர்ந்த புதிதில் அவனியாபுரம் பக்கம் ஒரு சுகாதார நிலையத் திறப்பு விழா. பித்தளைத் தட்டில் சந்தனம், பூ, நடுவில் குங்குமம் வைத்த கத்தரிக்கோல். மேடம் எடுத்து வெட்டினார். ரிப்பன் மடிந்ததே தவிர அறுபடவில்லை. கத்தரிக்கோலைத் திருப்பிப் பிடித்து வெட்டினார். அப்போதும் மடிந்தது. சுற்றி எல்லார் கையிலும் ஃபோன். கடைசியில் கட்சியின் ஒன்றியச் செயலாளர் ரிப்பனை இரண்டு கையாலும் இழுத்துப் பிடிக்க, மேடம் அதைத் தேங்காய் நார் அறுப்பதுபோல் அறுத்து எடுத்தார்.

காரில் ஏறியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏத்தா ஜெசி, ஒரு ரிப்பன வெட்டத் தெரியாதவ ஆஸ்பத்திரிய எப்பிடி நடத்துவான்னு சாயங்காலத்துக்குள்ள மீம் போட்டுருவாய்ங்க, பாத்துக்க."

சாயங்காலம்கூட ஆகவில்லை. மதியமே போட்டுவிட்டார்கள்.

மறுநாள் தெற்கு மாசி வீதியில், தையல்காரர்கள் வாங்கும் கடையில் ஒரு கத்தரிக்கோல் வாங்கினேன். கடைக்காரர் ஒரு பட்டு ரிப்பனைக் கொடுத்து வெட்டிப் பார்க்கச் சொன்னார். காற்றை வெட்டுவதுபோல் வெட்டியது. அன்றிலிருந்து அது என் கைப்பையில் இருக்கிறது. தட்டில் அழகாக எடுத்து வைத்திருப்பதை நம்பாதீர்கள். விழாவுக்கு முன்னால் நீங்களே ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது, கேட்பது. பள்ளிக்கூடத்தில் நான் கை தூக்காமல் எழுந்து நின்றதே கிடையாது. அப்பாவும் அம்மாவும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். அம்மா வகுப்பிலேயே நான் படித்தேன். தண்ணீர் குடிக்கப் போவதற்கும் அம்மாவைப் பார்த்துக் கை தூக்கியவள் நான். அந்தப் பழக்கம் வேலைக்கும் கூடவே வந்தது. யார் எதைக் கேட்டாலும் என் வாயில் வருவது, "மேடத்தைக் கேட்டுச் சொல்றேன்." கட்சிக்காரர்கள் எனக்குக் 'கேட்டுச்சொல்றேன் மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். ஒருமுறை காபியில் சர்க்கரை போடலாமா என்று கேட்டதற்குக்கூட நான் அப்படிச் சொன்னதாக ஒரு கதை உலவியது. அது பொய். ஆனால் யாரும் நம்பாமல் இல்லை.

கேட்பது தவறு என்று நான் சொல்லவில்லை. அவனியாபுரத்து இளைஞர் அணியினர் ஒருமுறை கிரேனில் ரோஜா மாலையைத் தொங்கவிட்டு, மேடம் அதன் அடியில் நிற்க வேண்டும் என்றார்கள். ஆள் உயரம் இல்லை அந்த மாலை, வீட்டு உயரம்.

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

"இதுக்குமா?" என்றார் ஒருவர். கூட்டாளி பக்கம் திரும்பினார். "மாப்ள, கிரேனுக்கு வாடகை ஏறுதுடா, இவுக கேட்டுச் சொல்றதுக்குள்ள ரோசாப்பூ காஞ்சிரும்."

நான் கேட்டேன். "நான் என்ன கோபுரமா? வேணாம்னு சொல்லு" என்றார் மேடம். சரி, படத்துக்காவது தூக்குவோம் என்று வெறுமனே தூக்கினார்கள். கயிறு அறுந்து, மாலை அவர்கள் வைத்திருந்த பேனர் மேலேயே விழுந்து, பேனரில் இருந்த எல்லார் முகத்தையும் கிழித்துக்கொண்டு தரையில் கிடந்தது. அடியில் ஆள் இல்லை. அந்த இளைஞர் என் பக்கத்தில் வந்து, "நல்ல வேளை கேட்டீங்க மேடம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால்தான் குழப்பம். கேட்டதால் நல்லது நடந்ததும் உண்டு. கேட்க முடியாமல் போனதால் நல்லது நடந்ததும் உண்டு. அந்த இரண்டாவதைச் சொல்வதற்கு முன் மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மேடம் டாக்டர் இல்லை. மதுரைக்கு மேற்கே விவசாயக் குடும்பம். பேரூராட்சித் தலைவராக இருந்து, சட்டமன்றத் தேர்தலில் தோற்று, மறுபடி தோற்று, பிறகு ஜெயித்தவர். ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவருக்குச் சுகாதாரத் துறை கொடுத்தபோது எதிர்க்கட்சியினர் மட்டுமல்ல, வீட்டிலும் சிரித்தார்களாம். ஆனால் பேரூராட்சிக் காலத்தில், பிரசவ வலி வந்த பெண்களைத் தன் வேனில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுபோனவர் அவர். பரவை மார்க்கெட் வாசலில் காய்கறி லாரிகளுக்கு நடுவே வண்டி மாட்டிக்கொண்டு, உள்ளேயே ஒரு பிரசவம் நடந்திருக்கிறது. அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. இதை அவர் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. காரில் பரவையைத் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்.

அமைச்சரானதும் அவர் முதலில் கேட்டது, தன் பகுதி அரசு மருத்துவமனைக்கு ஒரு பிரசவப் பிரிவு. அறுவை அரங்கோடு, பச்சிளங்குழந்தைகளுக்குத் தனி அறையோடு. நிதித் துறையில் அவர் ஏறி இறங்கியதை நான் அறிவேன். கட்டடம் எழும்பியபோது மதுரைக்கு வரும்போதெல்லாம் அங்கே போய் நின்றார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "இந்த ரிப்பன் மட்டும் நல்லா வெட்டணும் ஜெசி" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

திறப்பு விழா நாள். மேடம் சென்னையிலிருந்து விமானத்தில் வந்து, ரிங் ரோடு வழியாகத் திண்டுக்கல் ரோட்டைப் பிடித்து வர வேண்டும். நான் காலையிலேயே மருத்துவமனைக்குப் போய்விட்டேன். பேறுகால விடுப்பு முடிந்து வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மகளை நாகமலை புதுக்கோட்டையில் அம்மாவிடம் விட்டிருந்தேன்.

மருத்துவமனை கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாழை மரம், தோரணம், பந்தல். டாக்டர்களும் செவிலியர்களும் புது வெள்ளைக் கோட்டில் வரிசையாக நின்றார்கள். புதுப் பிரிவின் வாசலில் சிவப்புப் பட்டு ரிப்பன், நடுவில் ஒரு பெரிய பூவாக முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் தூணில் இறுக்கிக் கட்டியிருந்தது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அமைச்சர் உள்ளே வரும்போது அரங்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று, பழைய அறுவை அரங்கின் மேசை, விளக்கு, கருவிகள் எல்லாவற்றையும் முந்தின நாளே புது அரங்குக்கு மாற்றிச் சுத்தம் செய்து தயாராக வைத்துவிட்டார்கள். பழைய அரங்கில் ஒரு ட்யூப்லைட்டும் சுவர்க் கடிகாரமும்தான் மிச்சம். விழா முடியும்வரை அவசரமாக யாராவது வந்தால் மதுரைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் பேசி முடிவு செய்தார்கள். எல்லாரும் தலையாட்டினோம். அரை நாள்தானே என்று நினைத்தோம். அமைச்சர் வருகிற அன்று மதுரை ரோடு எப்படி இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. எப்போதும் அமைச்சரின் காருக்குள் இருந்தே ரோட்டைப் பார்ப்பவர்களுக்கு அது தோன்றாது போலிருக்கிறது.

மேடம் தாமதம். விமானம் நேரத்துக்கு வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு முக்கிலும் வரவேற்பு. பரவைக்கு வந்தபோது திறந்த ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள் என்று, ஃபோனில் விசாரித்துவிட்டு, ஒன்றியச் செயலாளர் அண்ணன் பெருமையாகச் சொன்னார். "பரவையே ஸ்தம்பிச்சுருச்சு மேடம். ஒரு வண்டி அங்கிட்டு இங்கிட்டுப் போக முடியல."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பழைய கட்டடத்திலிருந்து டாக்டரம்மா வேகமாக வந்தார். பிரசவம் பார்க்கும் டாக்டர், என்னைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். தலைமை மருத்துவரிடம் நேராகப் போனார்.

"சார், வலியில இருக்கிற பொண்ணுக்கு உள்ள குழந்தையோட துடிப்பு இறங்குது. உடனே ஆப்பரேஷன் பண்ணணும். மதுரைக்கெல்லாம் போய்ச் சேராது."

தலைமை மருத்துவர் நல்ல மனிதர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்த ரிப்பனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆம்புலன்ஸ் இருக்குல்ல?"

"பரவையில ரோடு அடைச்சிருக்காம் சார்."

"எதுக்கு அடைச்சிருக்கு?"

 செயலாளர் அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சார், எல்லாமே இங்க இருக்கு" என்றார் டாக்டரம்மா. "மயக்க டாக்டர் இருக்கார், அந்தா அந்த வரிசையில ரெண்டாவதா நிக்கிறார். தியேட்டர் ரெடி. நான் ரெடி. இந்த ரிப்பன் ஒண்ணுதான்."

"பத்து நிமிஷம் பொறுங்கம்மா" என்றார் செயலாளர் அண்ணன். "அக்கா வந்துரும். வந்து வெட்டுன நிமிஷமே நீங்க உள்ள போங்க."

"அண்ணே, நீங்க அரை மணி நேரமா பத்து நிமிஷம்னுதான் சொல்றீங்க."

செயலாளர் அண்ணன் குரலைத் தாழ்த்தினார். "நான் தப்பாச் சொல்லலம்மா. தொறக்கிறதுக்கு முன்னாடியே உள்ள ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா? வாசல்ல டிவிக்காரங்க நிக்கிறாய்ங்க. அக்கா இம்புட்டு வருசமா கண்ட கனவு. தொறந்த அன்னைக்கே கெட்ட பேருன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் சொன்னது கொடுமையாகத் தெரியலாம். ஆனால் அங்கே நின்ற எல்லார் மனதிலும் அதுதான் இருந்தது. என் மனதிலும் இருந்தது.

அந்தப் பெண்ணை ஸ்ட்ரெச்சரில் வைத்து வராந்தாவுக்கே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கூட வந்த அவளுடைய அக்கா ஸ்ட்ரெச்சரின் கம்பியை விடவே இல்லை. புது வெள்ளைக் கோட்டுகளையும் வாழை மரத்தையும் ரிப்பனையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"என்ன, பொண்ணு மாப்பிள்ள வரணுமா?" என்றார். "எல்லாரும் வரிசையா நின்னு என்னத்தப் பாக்குறீங்க? எந்தங்கச்சியவா, ரிப்பனையா?"

தலைமை மருத்துவர் என் பக்கத்தில் வந்தார். "நீங்க அமைச்சர் ஆபீஸ். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் உள்ள அனுப்புறேன்."

என் வாயில் வந்தது உங்களுக்கே தெரியும். "கேட்டுச் சொல்றேன் சார்."

மேடத்தின் ஃபோனுக்கு அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. ஓட்டுநருக்கு அடித்தேன். எடுத்தார், கொட்டுச் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸில் கேட்டார். பரவையில் நின்ற காவலர், "மேடம் ஜீப்பு மேல நிக்கிறாங்க சார், கூட்டம், கிட்டப் போக முடியல" என்றார். மறுபடியும் மேடத்துக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

கையில் இருந்த ஃபோன் ஒலித்தது. மேடம்தான் என்று பெயரைக்கூடப் பார்க்காமல் எடுத்தேன். அம்மா.

"ஏய், பிள்ள பாட்டில்ல பால் குடிக்க மாட்டேங்குறா. தள்ளித் தள்ளி விடுறா. கஞ்சி குடுக்கவா, என்ன செய்ய?"

நான் சொன்னேன், "கேட்டுச் சொல்றேன்மா."

 அம்மா, வகுப்பில் பேசுகிற அதே குரலில் கேட்டார், "யாரக் கேட்டுச் சொல்லப்போற? நீதான்டி அவளுக்குத் தாயி."

"கஞ்சி குடுங்கம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மா எனக்கு ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. அவருக்கு இங்கே நடப்பது தெரியாது. பிள்ளை அழுகிற எரிச்சலில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் ஃபோனை வைத்த பிறகு என் கால்கள் ரிப்பன் பக்கம் நடந்துகொண்டிருந்தன. நான் முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. கைப்பைக்குள் கை போனது மட்டும் நினைவிருக்கிறது.

"உள்ள கொண்டுபோங்க" என்றேன்.

"இது அமைச்சர் சொல்றாங்களா, நீங்க சொல்றீங்களா?" என்றார் தலைமை மருத்துவர்.

"நான்தான் சார் சொல்றேன். அவங்க ஃபோன் எடுக்கல."

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். செயலாளர் அண்ணன் பதறிப்போய், "அவுத்துட்டுத் திரும்பக் கட்டிக்கலாம், வெட்டிறாதீங்க மேடம்" என்று ஓடி வந்தார். அவர் சொன்னதுதான் சரி என்று இப்போதுகூடச் சில நேரம் தோன்றுகிறது. ஆனால் அந்த முடிச்சை யாரோ ரொம்பப் பக்தியாகக் கட்டியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் எனக்குப் பின்னால் வந்துவிட்டது. தையல்காரர் கத்தரிக்கோல் ஒரே வெட்டில் வெட்டியது.

கதவு திறந்தது. டாக்டரம்மா, மயக்க டாக்டர், செவிலியர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். கதவு மூடியது. அந்தப் பெண்ணின் அக்காவும் நானும் வெளியே நின்றோம். அவர் என் தோளைத் தொட்டுக் காட்டினார். என் சுடிதாரின் முன்பக்கம் ஈரமாகியிருந்தது. பால் கட்டிக் கசிந்திருந்தது. அவர் தன் சேலைத் தலைப்பை எடுத்து என் மேல் போர்த்தினார். "பச்சப்பிள்ளக்காரியா நீ?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் கொட்டுச் சத்தம் கேட்டது.

மேடம் வந்துவிட்டார். கூடவே ஊர்வலமும். தப்பு மேளம், நாதஸ்வரம், வாசலில் வைத்திருந்த சரவெடி. உள்ளே ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்திருப்பார்கள், வெளியே வெடி வைக்கப்போகிறார்கள். நான் ஓடினேன். வெடிக்குத் திரி கொளுத்தக் குனிந்தவரின் கையைத் தட்டிவிட்டேன். ஊர்வலத்துக்கு முன்னால் போய், காருக்கு எதிரே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றேன். சேலைத் தலைப்பு எப்படியோ என்னோடேயே வந்திருந்தது. பின்னால் அந்த அக்காவும் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்திருந்தார்.

ஜீப்பிலிருந்து காருக்கு மாறியிருந்த மேடம் கண்ணாடியை இறக்கினார். கழுத்து நிறைய மாலை, முகமெல்லாம் வியர்வை, சந்தோஷம்.

"என்ன ஜெசி, ரிப்பன் ரெடியா?"

"வெட்டிட்டேன் மேடம்."

"எத?"

"ரிப்பன."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே இறங்கியதைப் பார்த்தேன். அதை மறைத்துச் சொல்லக் கூடாது. எத்தனையோ வருஷம் சுமந்த ஒன்று அது.

"உள்ள ஒரு பொண்ணுக்கு ஆப்பரேஷன் நடக்குது மேடம். காத்திருக்க முடியாதுன்னாங்க. உங்களுக்கு அடிச்சேன், நீங்க எடுக்கல."

மேடம் என்னைப் பார்த்தார். என் தோளில் கிடந்த சேலைத் தலைப்பைப் பார்த்தார். பிறகு காரிலிருந்து இறங்கி, பின்னால் திரும்பி ஒரு கையைத் தூக்கினார். கொட்டு நின்றது. அவ்வளவு பெரிய கூட்டம் அவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை.

மாலைகளைக் கழற்றி ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, வராந்தாவுக்கு வந்து, அரங்குக்கு வெளியே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில், முன்னாலேயே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்ட அந்த அக்கா. அவர் எழுந்திருக்கவில்லை.

"நீங்கதான் மந்திரியா?"

"ஆமாத்தா."

"லேட்டா வந்தீங்க."

"லேட்டாத்தான் வந்துட்டேன்" என்றார் மேடம். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த ஊரு நீங்க?" என்றார். அக்கா ஊர் பெயரைச் சொன்னார். அது மேடம் வேனில் பெண்களை ஏற்றிப்போன ஊர்களில் ஒன்று.  இரண்டு பேரும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். எனக்குத் தெரிந்த ஜெபங்களையெல்லாம் பாதி பாதியாகச் சொன்னேன். எதையும் முடிக்க முடியவில்லை.

அழுகைச் சத்தம் முதலில் மெலிதாகத்தான் வந்தது. அப்புறம் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் மேடம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த அழுகை ஊரைக் கூட்டியது. வராந்தா முழுக்கக் கேட்டது, பந்தலுக்குக் கேட்டது. வாசலில் தப்பு அடிப்பவர்களில் யாரோ, கேட்காமலேயே, ஒரே ஒரு அடி அடித்து நிறுத்தினார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். டாக்டரம்மா வெளியே வந்து முகக்கவசத்தை இறக்கி, "பொம்பளப்பிள்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றபோது, வரிசையில் நின்ற வெள்ளைக் கோட்டுகள் கை தட்டின. தலைமை மருத்துவர் யாருக்கும் தெரியாமல் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்தார். எனக்குத் தெரிந்துவிட்டது.

செயலாளர் அண்ணன்தான் முதலில் நிலைக்கு வந்தார். "அக்கா, வேற ரிப்பன் கட்டட்டுமா? டிவிக்காரங்க காத்துருக்காய்ங்க."

"தொறந்த கதவ எத்தன தடவப்பா தொறக்கிறது?" என்றார் மேடம்.

"அப்ப பிள்ளைக்கு நீங்களே ஒரு பேர் வச்சிருங்க அக்கா. நல்ல பேரா, கட்சிக்கும் பொருத்தமா."

"பேரெல்லாம் நாங்க எப்பவோ பேசி வச்சுட்டோம்" என்று அக்கா உடனே சொன்னார். "நீங்க போய் வெடியப் போடுங்க. தள்ளிப் போய்ப் போடுங்க."

மேடம் வாய்விட்டுச் சிரித்தார். அன்று அவர் மேடையில் பேசியது மிகக் கொஞ்சம். "இந்தக் கட்டடத்த நான் தொறக்கல. உள்ள இருக்கிற பிள்ள தொறந்திருச்சு. நான் வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். கூட்டம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவர் தேர்தலில் ஜெயித்த அன்றுகூட அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை என்று பிறகு செயலாளர் அண்ணனே எல்லாரிடமும் சொல்லித் திரிந்தார். ரிப்பனை வெட்டச் சொன்னதே தான்தான் என்ற தொனியும் அதில் கொஞ்சம் வந்துவிட்டது. வரட்டும்.

அந்த வாரமே மேடம் ஓர் ஏற்பாடு செய்தார். எந்த மருத்துவமனையில் எது கட்டி முடிந்தாலும், முதலில் அது வேலை செய்யத் தொடங்கும். விழா பிறகு, அவருக்கு வசதிப்படும்போது. இப்போது நாங்கள் போகிற திறப்பு விழாக்களில் ரிப்பனுக்கு அந்தப் பக்கம் ஏற்கெனவே நோயாளிகள் இருக்கிறார்கள். எட்டிப் பார்க்கிறார்கள். நீங்களும் பார்ப்பீர்கள். அந்தக் காட்சியில் எனக்கு ஒரு பங்கு இருக்கிறது என்று நினைக்கும்போது, உண்மையைச் சொல்கிறேன், கர்வமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அன்று திரும்பும்போது காரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். என்னை வீட்டில் இறக்கிவிடுவதற்காக மேடம் நாகமலை புதுக்கோட்டை வழியாக வண்டியை விடச் சொன்னார்.  கொஞ்ச தூரம் போனதும், "அந்த ரிப்பன வெட்டணும்னு எம்புட்டு ஆசையா வந்தேன் தெரியுமாத்தா?" என்றார்.

"தெரியும் மேடம்."

"நல்லா வெட்டுச்சா?"

"ஒரே வெட்டு மேடம்."

சிரித்தார். எனக்குத் தைரியம் வந்தது. "மேடம், நீங்க ஃபோன எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் எளிதாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அதை நான் காலமெல்லாம் நம்பியிருப்பேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"'பொறு, வந்துட்டேன்'னுதான் சொல்லியிருப்பேன். ஜீப்பு மேல நிக்கிறப்ப எல்லாம் கிட்ட இருக்கிற மாதிரியே தெரியும் ஜெசி. பத்து நிமிஷத்துல வந்துருவேன்னு நானே நம்பியிருப்பேன்." சேலையில் ஒட்டியிருந்த பூவிதழைத் தட்டிவிட்டு, "நல்ல வேளை, எனக்குக் கேக்கல" என்றார்.

அதற்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து நாங்கள் பரவையைக் கடக்கும்போதெல்லாம் அவர் பேச்சை நிறுத்துவதில்லை. நான்தான் நிறுத்திவிடுகிறேன்.

ஏனென்றால், அன்று அவர் பொறு என்று சொல்லியிருந்தால், கை தூக்கி அனுமதி கேட்டே வளர்ந்த நான் என்ன செய்திருப்பேன்? என்னை எல்லாரும் துணிச்சல்காரி என்கிறார்கள். ஃபோன் எடுக்கப்படாததால் வந்த துணிச்சலும் துணிச்சல்தானா?

வருகிற வாரம் நீங்கள் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அந்தக் கத்தரிக்கோலை உங்கள் கையில் கொடுத்துவிடுவேன். நன்றாக வெட்டும். நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள், எதை மேடத்தைக் கேட்டுச் செய்ய வேண்டும், எதைக் கேட்காமல் செய்யலாம் என்று. நான் என்ன சொல்லட்டும்? கிரேன் மாலையைச் சொல்லட்டுமா, ரிப்பனைச் சொல்லட்டுமா?

வீட்டிலும் இதே நிலைமைதான். என் மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள். எதைத் தொடப் போனாலும் கையை நீட்டிவிட்டு, அப்படியே நின்று, திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் தலையாட்டினால் தொடுகிறாள். ஆட்டாவிட்டால் கையை எடுத்துவிடுகிறாள். எவ்வளவு சமத்து என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். எனக்கு நிம்மதியாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நேற்றும் அப்படித் திரும்பிப் பார்த்தாள். தலையாட்டுவதா, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

உங்களோடு சேர்த்து அலுவலகத்தில் இதைப் படிக்கப்போகிறவர்களில் என்னைவிட அதிகக் காலம் வேலை பார்த்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளை வளர்த்தவர்களும் இருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அவள் இன்னும் கையை நீட்டியபடியே நிற்கிறாள்.